நான்கு வண்டிகளின் எலும்பு, ஒரு ஆர்.சி. புத்தகம்

2016 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு புல்லட்டுகள் வந்தன. ஒன்று என் மச்சானுடையது. காஞ்சிபுரத்தில் பணி ஓய்வு பெற்ற ஒருவரிடம் 58,000 ரூபாய்க்கு வாங்கிய 1993 மாடல் 350. அவனே ஓட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டான். என்னுடையது குட்டியானையில் வந்து இறங்கியது. ஒரு சேஸி (வண்டியின் இரும்புச் சட்டம்), முன் ஃபோர்க், சொட்டை விழுந்த பெட்ரோல் டேங்க், சாக்குப்பையில் இன்ஜின் கேஸின் இடது பாதி, பிளாஸ்டிக் உறைக்குள் மடிந்து பழுத்த ஒரு ஆர்.சி. புத்தகம். அவ்வளவுதான். 1988 மாடல். எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய்.

மச்சான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருவண்ணாமலை போய் வந்துவிட்டான். என் வண்டி ஸ்டார்ட் ஆக 14 மாதம் ஆனது. உண்மையாகவே வண்டி என்று சொல்லும்படி ஓட ஆரம்பிக்க இன்னும் ஒன்பது மாதம். முழு வண்டியாக வாங்குவதா, பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டுவதா என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு இந்த இரண்டு வண்டிகளையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதத்தில் வந்தவை, ஒரே கம்பெனி, ஒரே ஊர் ரோட்டில் ஓடுகிறவை. இதைவிட நல்ல ஒப்பீடு எனக்குக் கிடைக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாகம் பாகமாக வாங்கிக் கட்டுகிற எல்லாருமே ஆசையால் மட்டும் அதில் இறங்குவதில்லை. 58,000 ரூபாயை ஒரே கையில் எடுத்து வைக்க முடியாதவன், மாதம் மூவாயிரம் நாலாயிரமாகச் செலவழிக்க முடியும். இருபது வருடத்துக்கு மேல் பழைய வண்டிக்கு எந்த வங்கியும் கடன் தராது. அப்புறம் என்ன வழி? இந்த மாதம் கார்ப்பரேட்டர், அடுத்த மாதம் பின் சக்கரம், தீபாவளி போனஸில் கியர் பாக்ஸ். சீட்டுக் கட்டுவது மாதிரிதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இன்றைக்கும் பாதி கட்டியபடி நிற்கிற வண்டிகளைப் பார்க்கும்போது, அதன் சொந்தக்காரன் அடுத்த சம்பளத்துக்காகக் காத்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். புல்லட்டே பாகங்களாக வந்து நம் ஊரில் பூட்டப்பட்ட வண்டிதான். இந்திய ராணுவம் எல்லையில் ரோந்து போக 350 சிசி புல்லட்டுகள் கேட்டதையொட்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த தாய்க் கம்பெனியான ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். ஆரம்ப வருடங்களில் உதிரிகள் கப்பலில் வரும், சென்னையில் பூட்டுவார்கள். பிறகுதான் வார்ப்புகளும் கருவிகளும் வந்து, திருவொற்றியூர் தொழிற்சாலையில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-களின் தொடக்கத்திலேயே மூடிப்போனது. திருவொற்றியூர் வண்டி மட்டும் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டரோடு இந்த நூற்றாண்டுக்குள்ளும் வந்தது. அப்படிப்பட்ட வண்டியை நான் ஏன் பாகங்களிலிருந்து கட்ட முடியாது என்று நினைத்தேன். கப்பலில் வந்தவை எல்லாம் ஒரே வரைபடத்தில் செய்த புதுப் பாகங்கள் என்பதை அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து காலை ரயில் பிடித்தால் எழும்பூர். அங்கிருந்து புதுப்பேட்டை நடக்கிற தூரம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எனக்கு அங்கேதான் போனது. கூவம் ஓரமாக நீளும் அந்தத் தெருக்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கடினம். ஒரு கடை முழுக்க ஹெட்லைட். அடுத்த கடையில் சைலன்சர் மட்டும் விறகுக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். இன்னொன்றில் கியர் பற்சக்கரங்களைக் கம்பியில் மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வெளியே இருந்து பார்த்தால் குப்பைமேடு. உள்ளே உட்கார்ந்திருக்கிற பாய்க்கு எது எந்த வண்டியின் எந்த வருடத்துப் பாகம் என்று கைபட்டவுடன் தெரியும். கேட்ட பொருள் தன்னிடம் இல்லாவிட்டால் ஒரு பையனை அனுப்பி நாலாவது கடையிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார்கள். காயலாங்கடை என்று நாம் இளக்காரமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு வண்டியை முழுசாகப் பிரித்து, பயன்படுவது எது, உருக்கப் போக வேண்டியது எது என்று பிரிக்கிற அந்தக் கண்ணுக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது.

அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் கியரைப் பார்க்கும் விதம். நான் பற்களைத்தான் எண்ணிக்கொண்டு நின்றேன். பல் உடையாமல் இருந்தால் நல்ல கியர் என்று நினைப்பு. ஒரு பாய் என் கையிலிருந்து வாங்கி, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த கட்டைகளின் மேல் கட்டைவிரலை ஓட்டச் சொன்னார். ஒரு கியர் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது அந்தக் கட்டைகளால்தான். ஓரம் கத்திமாதிரி நேராக இருந்தால் பிடிக்கும். சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தால், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். “பல்லு பாக்காத தம்பி, தோள பாரு” என்றார். அன்றைக்கு நான் எடுத்து வைத்திருந்த மூன்று கியர்களில் இரண்டைத் திருப்பி வைத்தேன்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை அவர் சொல்லவும் முடியாது. நல்ல கியர் இரண்டைத் தனித்தனியாக எடுத்தால் நல்ல ஜோடி ஆகிவிடாது. இருபது வருடம் ஒன்றோடொன்று உரசி ஓடிய இரண்டு பற்சக்கரங்கள், ஒன்றின் தேய்மானத்துக்கு இன்னொன்று இடம் கொடுத்து அமைந்திருக்கும். அதில் ஒன்றை எடுத்து வேறொரு வண்டியின் சக்கரத்தோடு போட்டால் இரண்டும் முனகும். செயின், ஸ்ப்ராக்கெட் விஷயத்தில் இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அதனால்தான் செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். இன்ஜினுக்குள்ளும் இதே கதைதான் என்பது எனக்குப் புரிய ஒரு வருடமும் நிறையப் பணமும் தேவைப்பட்டது.

பணம் எப்படிப் போனது என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய சாமான்கள் எதிர்பார்த்த விலைக்குள்தான் வந்தன. கியர் பாக்ஸ் 7,000. கிராங்க், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, 4,500. இரண்டு சக்கரங்கள், நாற்பது நாற்பது கம்பிகளோடு, பெண்டு எடுத்து 8,000. கையைக் கடித்தது மற்றதெல்லாம். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்களே, அந்தக் கணக்கு. 200 ரூபாய்க்கு வாங்கிய ஃபுட்ரெஸ்ட் கம்பியை நேராக்க லேத்தில் 350. சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி (போரிங்), அதற்கேற்ற பிஸ்டன் வாங்கி வைத்த பிறகு, ஹெட்டில் பிளக் மரை கரைந்திருப்பது தெரிந்தது. அதற்கு உள்ளே வேறு மரை போட ஒரு கூலி. போல்ட்டும் நட்டும் வாஷரும் மட்டும் 2,300 ரூபாய். அந்தக் காலப் புல்லட்டில் ஆங்கிலேயர் அளவு மரைகளும் மில்லிமீட்டர் மரைகளும் கலந்து கிடக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று இரண்டு சுற்று போய் நின்றுவிடும். அங்கே வலுக்கட்டாயமாக ஸ்பேனரைப் போட்டால் அலுமினியக் கேஸில் மரை போச்சு. முழு வண்டியில் இந்த போல்ட்டுகள் எல்லாம் வண்டியோடு இலவசமாக வருகின்றன. அவற்றுக்கு ஒரு விலை உண்டு என்பதே தனியாக வாங்கப் போகும்போதுதான் தெரிகிறது. பிரிக்கிறவர்கள் எண்ணெய் ஒழுகும் ஒரு டப்பாவில் கொட்டி, எடைக்குப் போடுகிற பொருள் அது.

இப்போது அந்த இடது பாதிக்கு வருகிறேன்.

பழைய புல்லட் இன்ஜின் நட்டக்குத்தலாக இரண்டு பாதியாகப் பிளக்கிற அலுமினியக் கேஸ். நடுவில் கிராங்க் உட்காரும், இரண்டு பக்கமும் பேரிங். இன்ஜின் நம்பர் குத்தியிருப்பது இடது பாதியில். நான் வாங்கிய ஆர்.சி.யில் இருந்த நம்பரும் அந்த இடது பாதியில் இருந்த நம்பரும் ஒன்று. அதனால்தான் அந்தச் சாக்குப்பைக்கு மதிப்பு. வலது பாதி எப்போதோ விரிசல் விட்டு, பழைய சொந்தக்காரர் எடைக்குப் போட்டுவிட்டார். சரி, வலது பாதி ஒன்று வாங்கினால் போயிற்று என்று புதுப்பேட்டையில் தேடி, விரிசல் இல்லாத, பேரிங் குழி தேயாத ஒன்றை 2,800 ரூபாய்க்கு எடுத்து வந்தேன். இரண்டையும் சேர்த்து வைத்தேன். போல்ட் ஓட்டைகள் நேராக வந்தன. விளிம்புகள் பொருந்தின. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொல்லலாமா என்று தோன்றியது.

இன்ஜின் பூட்டியது எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில். கேஸின் போல்ட்டுகள் தளர்வாக இருந்தபோது கிராங்க் விரலால் தள்ளினால் சுற்றியது. முழுசாக இறுக்கியதும் இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருந்தது. கேட்டேன். “புதுசா பூட்டினா இறுக்கமாத்தான் இருக்கும், ஓட ஓட இளகிடும்” என்றார்கள். பிஸ்டன் கூட இன்னும் போடவில்லையே, எதனால் இந்த இறுக்கம் என்று அப்போது நான் மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வண்டியைச் சீக்கிரம் ஓட்டிப் பார்க்கும் அவசரம்.

2017 மார்ச்சில் முதல் கிக். அந்தக் காலப் புல்லட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டே வர, ஓர் இடத்தில் காலை எதிர்த்து நிற்கும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்த, முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் போட்டு ஒரே மிதி. அந்த முள் நடுவுக்கு வருவதற்கு முன் மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். எனக்கு நாலாவது மிதியில் எடுத்துக்கொண்டது. 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் ஓட்டம் உள்ள சிலிண்டர். அதன் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அழுதுவிட்டேன். நான்கு வண்டிகளிலிருந்து வந்த எலும்புகள் எழுந்து நின்று மூச்சு விடுகின்றன என்றால் வேறென்ன செய்வது.

அந்த மூச்சு 700 கிலோமீட்டர் வரை வந்தது. மே மாதம், மதுராந்தகம் ஏரிக்கரைக்கு முன்னால். முதலில் கால்மிதியில் ஓர் அதிர்வு. பிறகு அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு உறுமல். ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிக்கர் இறங்கவில்லை. கேஸைத் தொட முடியாத சூடு. வெயிலில் புளியமரத்தடி வரை தள்ளிக்கொண்டு போய் மச்சானுக்கு போன் செய்தேன். அவன் தன் வண்டியில் வந்தான், பின்னாலேயே ஒரு குட்டியானை.

இந்தத் தடவை தாம்பரம் பக்கம் உள்ள ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். எழுபது வயதை நெருங்கியவர். வார்ப்பிரும்பு இன்ஜின் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. கேஸைப் பிரித்தார். வலது பக்கத்துப் பேரிங்கின் கூண்டு உடைந்து துண்டுகள் எண்ணெயில் கிடந்தன. எண்ணெய் சாம்பல் நிறமாக, வெள்ளிப்பொடி கலந்தது போல மின்னியது. அவர் பேரிங்கைப் பார்க்கவே இல்லை. காலிக் கேஸ் இரண்டையும் துடைத்து, போல்ட் போட்டு இறுக்கினார். மர அலமாரியிலிருந்து துணி சுற்றிய ஒரு உருளைக் கம்பியை எடுத்தார். கடைந்து மெருகு ஏற்றிய நேர்க்கம்பி. இடது பேரிங் குழியில் ஒரு வளையத்தைப் பொருத்தி, அதன் வழியாகக் கம்பியை உள்ளே விட்டார். வெண்ணெயில் இறங்குவது மாதிரி போனது. வலது பாதிக்கு வந்ததும் டொக்கென்று நின்றது. என்னைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். குழியின் மேல்விளிம்பில் கம்பி இடித்து நின்றது. இடைவெளி தலைமுடி அளவுதான் இருக்கும். கீழ்ப்பக்கம் வெளிச்சம் பிறைமாதிரி தெரிந்தது.

“தம்பி, இது ரெண்டும் அண்ணன் தம்பி கிடையாது. வேற வேற வீட்டுப் பசங்க. கம்பெனியில கேஸ் ரெண்டையும் ஒண்ணா பூட்டித்தான் குழி கடையறாங்க. பொறந்தப்பவே ஜோடி. ஒண்ண மாத்தினா மத்தது சேராது” என்றார். இறுக்கும்போது கிராங்க் ஏன் கெட்டிப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. போல்ட்டை இறுக்க இறுக்க, ஒரே நேர்க்கோட்டில் இல்லாத இரண்டு குழிகள் நடுவில் இருந்த தண்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கின்றன. ஓடினால் அது இளகாது. பேரிங் உடையும் வரை மென்றுகொண்டே இருக்கும்.

அப்படியென்றால் ஜோடியாக இருக்கும் வேறொரு கேஸை வாங்கிப் போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இங்கேதான் ஆர்.சி. புத்தகம் குறுக்கே வந்து நிற்கிறது. வேறு கேஸ் என்றால் வேறு நம்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, பதிவில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே ரக இன்ஜினை மாற்றிப் போடுவதற்கும் பதிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்ற காகிதம் வேண்டும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த இன்ஜினுக்கு யார் காகிதம் தருவார்கள்? ஒருவர், வேறு கேஸில் என் நம்பரையே குத்தித் தருகிறேன் என்று சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அது தப்பு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம்பர் அழித்துக் குத்திய ஒவ்வொரு கேஸுக்குப் பின்னாலும் வண்டியைத் தொலைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் நின்ற ஒருவர் இருக்கலாம். அவருடைய வண்டியின் எலும்பை என் வண்டியில் வைத்து ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறைக்கு அந்தப் பெரியவரே கூட்டிப் போனார். வலது பாதியின் குழியைப் பெரிதாக்கி, கேஸைச் சூடேற்றி உள்ளே இரும்பு வளையம் இறக்கி, இரண்டு பாதியையும் சேர்த்துப் பூட்டி, ஒரே பிடிப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கடைந்தார்கள். அங்கே கூலி 6,500. புது பேரிங்குகள், எண்ணெய் பம்ப் சுத்தம், மறுபடி பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 14,000. நேர்க்கம்பி அன்றைக்கு இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய் வந்தது. போல்ட்டை முழுசாக இறுக்கிய பிறகும் கிராங்க் விரலால் தள்ளச் சுற்றியது. அந்தப் பெரியவர் அதைத் தள்ளிவிட்டு, அது தானாக நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் கிக்குக்கு முன் 88,000. இதோடு சேர்த்து 1,02,000. மச்சான் வண்டிக்கு இதே இரண்டு வருடத்தில் டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், ஒரு தடவை டேப்பட் பார்த்தது என்று பதினோராயிரம் ஆகியிருக்கும். அவன் வண்டியில் தேய்மானம் இல்லை என்று சொல்லவில்லை. நிறையவே இருக்கிறது. டேப்பட் சத்தம் கேட்கும், கியர் பாக்ஸ் எண்ணெய் கசியும். ஆனால் அதன் பாகங்கள் எல்லாம் 1993-இலிருந்து ஒன்றாகத் தேய்ந்தவை. ஒரே சாலையில், ஒரே சொந்தக்காரரின் கைக்கும் காலுக்கும் பழகியவை. பழைய குடும்பம் மாதிரி, ஒன்றின் குறைக்கு இன்னொன்று விட்டுக்கொடுத்து ஓடுகிறது. முழு வண்டி வாங்கும்போது நாம் காசு கொடுப்பது அதற்குத்தான் என்று நான் நம்புகிறேன். பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

காகித விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வண்டி கட்ட ஆசைப்படும் பையன்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். புது வண்டியைப் பதிவு செய்ய, விற்பனைச் சான்றான படிவம் 21-உம், சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் படிவம் 22-உம் வேண்டும். உதிரிகளைச் சேர்த்து வீட்டில் கட்டிய வண்டிக்கு இந்த இரண்டும் கிடையாது. எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தாலும் அதற்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆகவே கட்டுகிறவன் முதலில் வாங்க வேண்டியது உயிரோடு இருக்கிற ஒரு ஆர்.சி.யும், அதில் உள்ள நம்பர் குத்திய சேஸியும், அதே புத்தகத்தில் உள்ள நம்பர் குத்திய இன்ஜின் கேஸும். மற்றதெல்லாம் அப்புறம். சேஸியை வெட்டி நீட்டுவது, வேறு கம்பெனி இன்ஜினைத் திணிப்பது போன்றவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

என் வண்டிக்கு ‘டி’ என்று தொடங்கும் மூன்றெழுத்துப் பழைய நம்பர். 2018-இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இது உண்டு, பசுமை வரியும் சேர்த்து. நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்கிற பிரிண்டைக் கொண்டு போயிருந்தேன். கழுத்தடியில் குத்திய சேஸி நம்பர் ஒரு தாளில், இடது கேஸில் இருந்த இன்ஜின் நம்பர் இன்னொன்றில். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எண்ணாகத் தாளோடு ஒத்துப் பார்த்தார். 1988-இல் யாரோ ஒரு தொழிலாளி சுத்தியலால் தட்டிக் குத்திய எண்கள். ஒரு எண் மட்டும் லேசாகச் சாய்ந்திருக்கும், பென்சில் பிரிண்டிலும் அப்படியே விழுந்திருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்போது புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 1,000 ஆனது, அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது.

புல்லட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை இது. யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றது. அந்த 98 சிசி வண்டிக்கு நம் ஊரில் இருக்கிற கிராக்கி உங்களுக்கே தெரியும். நல்ல வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கிராக்கி இருக்கும் இடத்தில் ஜோடிப்பும் இருக்கும். அதற்குப் பின்னால் வந்த 135-இன் பாகங்களைப் போட்டு, 100 என்ற ஸ்டிக்கரை ஒட்டி நிற்கும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். முழு வண்டி என்று வாங்குகிறோம், உண்மையில் வேறொருவர் கட்டிய வண்டியை வாங்குகிறோம். கட்டியவனுக்கு என்ன தெரியும், எதை மறைத்தான் என்பது நமக்குத் தெரியாது. அதைவிட நாமே கட்டுவது நூறு மடங்கு மேல்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓட்டுவதற்கு வண்டி வேண்டுமென்றால், ஓடுகிற முழு வண்டியை வாங்குங்கள். முடிந்தால் ஒரே கையில் இருந்ததாகப் பாருங்கள். விற்கிறவர் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், இன்ஜின் ஆறும் வரை டீ குடித்துக் காத்திருந்து, ஆறிய வண்டியை உங்கள் கண் முன்னால் உதைக்கச் சொல்லுங்கள். கட்டத்தான் வேண்டும், கை அரிக்கிறது என்றால், ஓடாமல் கிடக்கிற முழு வண்டியைத் தேடுங்கள். தாத்தா இறந்த பிறகு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் நிற்கிறதே, கோழி முட்டையிடுகிறதே, அந்த மாதிரி வண்டி. துரு பிடித்திருக்கட்டும், பிஸ்டன் இறுகியிருக்கட்டும். அதன் போல்ட்டு அதன் ஓட்டையில் இருக்கிறது. அதன் வலது பாதி அதன் இடது பாதியோடு இருக்கிறது. அதைக் கடைசி வாஷர் வரை பிரித்து, கழுவி, தேய்ந்ததை மட்டும் மாற்றித் திரும்பப் பூட்டுங்கள். கட்டுகிற சுகம் முழுவதும் கிடைக்கும். நான் பட்ட கஷ்டத்தில் பாதி கூட இருக்காது. தனிச் சேஸியிலிருந்து ஆரம்பிக்க நான் இன்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் வண்டியை விற்பேனா என்று கேட்டால், மாட்டேன். அந்த வண்டியில் எனக்குத் தெரியாத ஒரு நட்டு கிடையாது. இரவில் ஒலிக்கிற சின்னச் சத்தம்கூட எங்கிருந்து வருகிறது என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். மூன்று வருடத்துக்கு முன் மச்சான் வண்டியின் பிரைமரி செயின் அறுந்தபோது, செய்யூர் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் சாமானைப் பரப்பி, எண்ணெய்க் கையோடு நான்தான் பூட்டிக் கொடுத்தேன். “மாமா, இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டீங்க” என்று கேட்டான். அவன் திருவண்ணாமலை போய் வந்த அந்த இரண்டு வருடத்தில்தான்.

போன மாதம் என் அக்கா மகன் வந்தான். ஒரகடத்தில் வேலை. பழைய புல்லட் வேண்டுமாம். என் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து காட்டினேன், பேசாமல் படித்தான். அடுத்த ஞாயிறு வாலாஜாபாத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். 1996 மாடல், நாலு வருடமாக ஓடாமல் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. பெரியவரின் மனைவி காபி கொடுத்துவிட்டு, அவர் போன பிறகு யாரும் தொடவில்லை என்றார். பையன் டேங்கில் இருந்த தங்கநிறக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தான். நான் வாசல் மண்ணில் ஒருக்களித்து உட்கார்ந்து, இடது கேஸில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து அதன் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாய் எழும்பி வந்தது.

“அம்மா, இந்த இன்ஜினை எப்பவாவது பிரிச்சாங்களா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சு இல்லப்பா. மேல தலையை மட்டும் ஒரு வாட்டி கழட்டினாரு. அடியில கையே வைக்கல.”

தாளை அக்கா மகனிடம் கொடுத்து, ஆர்.சி.யை எடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அவன் படிக்கப் படிக்க, நான் கேஸில் விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன்.